ஜப்பானின் ‘பிராஸ் நக்கிள்ஸ்’ பட்டம்: முள்கம்பிக்குள் வளர்ந்த ஒரு பெல்ட்

“ஜப்பானில் இருந்த ஹார்ட்கோர் மல்யுத்தப் பட்டம், டபிள்யூ.டபிள்யூ.எஃப். வைத்திருந்த ஹார்ட்கோர் பட்டத்தின் நகல்தானே?” என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. காலக்கணக்கே அதற்கு எதிராக இருக்கிறது. (ஹார்ட்கோர் என்றால் விதிகளைத் தளர்த்தி, கையில் கிடைத்ததையெல்லாம் ஆயுதமாக்கி ஆடும் மல்யுத்தம்.) 1998 நவம்பரில், இன்று டபிள்யூ.டபிள்யூ.ஈ. என்று அழைக்கப்படும் அந்த அமெரிக்க நிறுவனத்தின் தலைவர் வின்ஸ் மெக்மேன், உடைந்த பெல்ட் ஒன்றை மேன்கைண்ட் என்ற வீரரின் கையில் கொடுத்து அந்தப் பட்டத்தைத் தொடங்கியபோது, ஜப்பானில் அதே இயல்புடைய ஒரு பட்டம் பிறந்து ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் ஓடியிருந்தன. எஃப்.எம்.டபிள்யூ. என்ற நிறுவனத்தின் பிராஸ் நக்கிள்ஸ் ஹெவிவெயிட் பட்டம்தான் அது. அமெரிக்காவில் ஹார்ட்கோர் என்ற பெயரில் பின்னால் பிரபலமானவற்றில் பெரும்பகுதி ஜப்பானிலிருந்து கடல் தாண்டிப் போனது.

பெயரை மட்டும் ஜப்பானியர்கள் அமெரிக்காவிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். பிராஸ் நக்கிள்ஸ் என்பது விரல்களில் மாட்டிக்கொண்டு குத்துவதற்கான உலோக வளையம். டெக்சாஸ், ஃப்ளோரிடா மாநிலங்களின் பழைய மல்யுத்த நிறுவனங்களில் இந்தப் பெயரில் பட்டங்கள் இருந்தன. விதிகளைத் தளர்த்தி, அடிதடிக்கு இடம் கொடுக்கும் ஆட்டங்களுக்கான பட்டங்கள் அவை. அந்தப் பெயருக்குள் முற்றிலும் வேறான ஒன்றை நிரப்பியவர் அட்சுஷி ஓனிதா. அவருடைய கதையைச் சொல்லாமல் இந்தப் பட்டத்தின் கதையைச் சொல்ல முடியாது.

1957-இல் நாகசாகியில் பிறந்த ஓனிதா, பதின்ம வயதிலேயே ஜயண்ட் பாபா என்ற வீரர் நடத்திய ஆல் ஜப்பான் மல்யுத்த நிறுவனத்தில் சீடராகச் சேர்ந்தார். பயிற்சிக்காக அமெரிக்கா அனுப்பப்பட்டவர், 1981-இல் மெம்பிஸ் வட்டாரத்தில் மசனோபு ஃபுச்சியுடன் ஜோடி சேர்ந்து ஆடினார். அப்போது மிசிசிப்பி மாநிலத்தின் டுபெலோ நகரில், ரிக்கி மோர்ட்டன், எடி கில்பர்ட் ஜோடியுடன் நடந்த மோதல் மேடையைவிட்டு இறங்கி, அரங்கின் தின்பண்டக் கடைக்குள் புகுந்தது. கையில் கிடைத்த பாத்திரங்கள், கடுகுச் சாந்து ஜாடிகள் எல்லாம் பறந்தன. மல்யுத்த ரசிகர்கள் இன்றும் பேசும் சண்டை அது. ஓனிதாவின் பிற்கால வாழ்க்கைக்கான விதை அந்தக் கடையில்தான் விழுந்தது என்பது என் கருத்து.

ஆனால் அந்த விதை உடனே முளைக்கவில்லை. 1982-இல் ஜூனியர் ஹெவிவெயிட் சாம்பியனாகி, பாபாவின் நிறுவனத்தில் வளரும் நட்சத்திரமாக இருந்த ஓனிதா, 1983-இல் ஓர் ஆட்டம் முடிந்து மேடையிலிருந்து குதித்தபோது முழங்காலை உடைத்துக்கொண்டார். கால் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 1985 தொடக்கத்தில், இருபத்தேழு வயதில், ஓய்வு பெற்றார். உயரப் பறந்து ஆடுவதை நம்பியிருந்தவருக்கு முழங்கால் போனால் மிஞ்சுவது என்ன?

அதன்பிறகு சில ஆண்டுகள் மல்யுத்தத்துக்கு வெளியே அலைந்தார். 1980-களின் இறுதியில் ஜப்பானில் யு.டபிள்யூ.எஃப். என்ற நிறுவனத்தின் அலை வீசிக்கொண்டிருந்தது. உதை, பூட்டு, பிடி என்று உண்மையான சண்டைக்கு நெருக்கமாக ஆடுகிறோம் என்று அவர்கள் பெருமைப்பட்டார்கள். அவர்களுக்குச் சவால் விடுவதற்காக அரங்குக்குப் போன ஓனிதாவிடம், டிக்கெட் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். ஜப்பானிய ரசிகர்களிடையே புகழ்பெற்ற சம்பவம் இது. 1989-இல் ஓனிதா தன் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். கையில் இருந்த மூலதனம் ஐம்பதாயிரம் யென் என்று சொல்வார்கள். ஒரு நிறுவனம் தொடங்கப் போதாத, கேட்டால் சிரிப்பு வரும் தொகை. நிறுவனத்தின் பெயர் ஃப்ரான்டியர் மார்ஷியல் ஆர்ட்ஸ் ரெஸ்லிங், சுருக்கமாக எஃப்.எம்.டபிள்யூ.

பெயருக்கேற்பத் தொடக்கத்தில் கராத்தேக்காரர்கள், ஜூடோக்காரர்கள், மல்யுத்த வீரர்கள் எல்லாரும் கலந்து மோதினார்கள். 1990 ஜனவரியில் பிராஸ் நக்கிள்ஸ் பட்டத்தின் முதல் சாம்பியனானார் ஓனிதா. அந்தப் பெல்ட்டுக்கு அப்போது மதிப்பு எதுவும் கிடையாது. பெரிய நிறுவனங்களான ஆல் ஜப்பானுக்கும் நியூ ஜப்பானுக்கும் ஏறக்குறைய பதினெட்டு ஆண்டு வரலாறும் தொலைக்காட்சி ஒளிபரப்பும் இருந்தன. இங்கே ஓர் உடைந்த முழங்காலும், கைவிடப்பட்ட சிலரும், விலை மலிவான வெளிநாட்டு வீரர்களும் மட்டுமே இருந்தார்கள். பாரம்பரியம் இல்லாத பட்டத்துக்கு எங்கிருந்து மதிப்பு வரும்? ஓனிதா அதற்குத் தன் தோலைக் கொடுத்தார்.

1990 ஆகஸ்ட் 4. இடம், தோக்கியோவின் ஷியோடோமே. இன்று அங்கே வானளாவிய கட்டடங்கள் நிற்கின்றன. அன்று அது மூடப்பட்ட சரக்கு ரயில் நிலையத்தின் பொட்டல் வெளி. அந்த வெளியில் மேடை போட்டு, சுற்றிலும் இருக்கவேண்டிய கயிறுகளைக் கழற்றிவிட்டு முள்கம்பியைக் கட்டினார்கள். கம்பியில் வெடிமருந்து. உடல் பட்டவுடன் மின்சாரம் பாய்ந்து வெடிக்கும். எதிரே நின்றவர் ஓனிதாவின் தோழர் டார்சான் கோட்டோ. ‘கயிறில்லா முள்கம்பி மின்வெடிப்பு டெத் மேட்ச்’ என்று தமிழில் சொல்லிப் பார்த்தால் நீளமாக இருக்கிறது. ஜப்பானிய மொழியிலும் அது அவ்வளவு நீளம்தான். ஆண்டு முடிவில், தோக்கியோ ஸ்போர்ட்ஸ் பத்திரிகையின் விருதுகளில் சிறந்த ஆட்டமாக இதையும் ஆண்டின் சிறந்த வீரராக ஓனிதாவையும் தேர்ந்தெடுத்தார்கள். டிக்கெட் கேட்டுத் திருப்பி அனுப்பப்பட்டவர், இரண்டே ஆண்டுகளில் அந்த நாட்டு மல்யுத்தத்தின் உச்சியில் நின்றார்.

இந்த வெடிப்பு நிஜமா என்று நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள். தொழில்முறை மல்யுத்தத்தில் யார் வெல்வது என்பது முன்கூட்டியே முடிவாகிவிடும். இங்கும் அப்படித்தான். வெடிமருந்தும் ஆளைக் கொல்வதற்கானதல்ல. ஓசையையும் புகையையும் மிகுதியாகத் தரும் வகை. ஆனால் முள்கம்பி நிஜமான முள்கம்பி. வெடியின் சூடு முதுகைச் சுடும். கம்பி கையைக் கிழிக்கும். தன் உடலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தையல்கள் விழுந்திருக்கின்றன என்று ஓனிதா சொல்லிவந்திருக்கிறார். அந்தக் கைகளைப் படத்தில் பார்த்தவர்கள் அதை மறுக்கமாட்டார்கள்.

வெடிப்பைவிட, வெடிப்புக்கு முந்தைய காத்திருப்புதான் இந்த ஆட்டத்தின் உயிர் என்று நினைக்கிறேன். இருவரும் ஒருவரையொருவர் கம்பியை நோக்கித் தள்ளுவார்கள். ஒருவர் அங்குல இடைவெளியில் காலை ஊன்றி நின்றுவிடுவார். அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். சாதாரண மல்யுத்தத்தில் கயிறு என்பது ஆடுபவர் சாய்ந்து இளைப்பாறும் இடம், ஓடித் திரும்பும் இடம், பிடியிலிருந்து தப்பிக்கும் இடம். அந்த அடைக்கல இடத்தையே ஆபத்தாக மாற்றியதுதான் ஓனிதாவின் கண்டுபிடிப்பு. முழங்கால் சரியில்லாதவரால் ஓட முடியாது, பறக்க முடியாது. ஆனால் கம்பிக்கு முன்னால் தள்ளாடி நிற்க முடியும். தன் ஊனத்துக்கு ஏற்ற ஒரு விளையாட்டை அவர் தானே செய்துகொண்டார்.

ஆட்டம் முடிந்ததும் இன்னொரு காட்சி தொடங்கும். கிழிந்த பனியன், ஜீன்ஸ், வழியும் ரத்தம், கையில் மைக். ஓனிதா அழுவார், கத்துவார், தண்ணீரைக் கூட்டத்தின்மேல் இறைப்பார். இளைஞர்கள் மேடையைச் சூழ்ந்துகொண்டு அந்தத் தண்ணீரை வாங்கி நனைவார்கள். ‘கண்ணீர் நாயகன்’ என்ற பொருளில் ஒரு பட்டப்பெயரும் அவருக்கு உண்டு. பொருளாதாரக் குமிழி உடைந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. மிகையுணர்ச்சி என்று ஒதுக்கியவர்களும் இருந்தார்கள். எனக்கு அதில் பொய் தெரியவில்லை.

அடுத்து, தோக்கியோவுக்கு அருகிலுள்ள கவாசாக்கி ஸ்டேடியம். லோட்டே பேஸ்பால் அணி அங்கே ஆளில்லாத இருக்கைகளுக்கு முன் ஆடிக்கொண்டிருந்தது. 1991 பருவத்தோடு அந்த மைதானத்தைவிட்டுச் சிபாவுக்குப் போய்விட்டது. அதே 1991-இல், செப்டம்பர் 23 அன்று, ஓனிதாவும் கோட்டோவும் அங்கே கூண்டுக்குள் மோதினார்கள், எஃப்.எம்.டபிள்யூ. அறிவித்த பார்வையாளர் எண்ணிக்கை 33,221. 1993 மே 5-இல் 41,000. 1994-இல் 52,000. 1995-இல் 58,250. அறிவிப்பு எண்களைச் சற்றுத் தள்ளுபடி செய்துதான் படிக்கவேண்டும். ஆனாலும் தொலைக்காட்சி ஒளிபரப்பு ஏதுமில்லாமல் ஐம்பதாயிரம் யென்னில் தொடங்கிய நிறுவனம் ஸ்டேடியத்தை நிரப்பியதைப் படங்கள் காட்டுகின்றன.

எல்லாச் சோதனைகளும் பலிக்கவில்லை. 1992 மே மாதம் ஹியோகோ மாவட்டத்தில் நடந்த நெருப்பு டெத் மேட்சில், ஓனிதாவும் கோட்டோவும் ஒருபக்கம், ஷேக் என்ற மூத்த அமெரிக்க வீரரும் அவருடைய உடன்பிறந்தவரின் மகன் சாபுவும் மறுபக்கம். மேடையைச் சுற்றி மூட்டிய தீ கட்டுக்கடங்காமல் போய்விட்டது. சில நிமிடங்களிலேயே ஆட்டக்காரர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினார்கள். முதியவரான ஷேக் கடுமையான தீக்காயங்களோடு மருத்துவமனையில் கிடந்தார். இதைக் கேளிக்கை என்று என்னால் சொல்ல முடியவில்லை. எங்கே நிறுத்தவேண்டும் என்று தெரியாத ஆர்வம் அது.

அதே 1992 செப்டம்பரில், யோகோஹாமா ஸ்டேடியத்தில் ஓனிதாவுக்கு எதிரே முள்கம்பிக்கு நடுவே நின்றவர் டைகர் ஜீத் சிங். பஞ்சாபில் பிறந்து கனடாவில் குடியேறியவர். வாளைக் கவ்விக்கொண்டு அரங்குக்குள் வரும் இந்த மனிதர், அதற்கு முன்பே நியூ ஜப்பானின் நட்சத்திர வீரர் அன்டோனியோ இனோகியின் பெரும் பகையாளியாக ஜப்பான் முழுவதும் அறியப்பட்டவர்.

1993-இல் அமெரிக்க வீரர் டெரி ஃபங்குடன் நடந்த ஆட்டத்துக்கு நேரக் குண்டு வைத்திருந்தார்கள். குறித்த நேரத்தில் மேடையே வெடிக்கும். ஓனிதா வென்றுவிட்டார். ஃபங்க் மேடையில் நினைவிழந்து கிடக்கிறார். சங்கு ஊதத் தொடங்குகிறது. வெளியேறிய ஓனிதா திரும்பி ஓடிவந்து ஃபங்கை எழுப்பப் பார்க்கிறார்; முடியவில்லை; அவர்மேல் கவிழ்ந்து படுத்துத் தன் உடலால் மூடிக்கொள்கிறார். வெடிக்கிறது. அந்தக் காட்சிக்கு இணையாக இந்த வகை மல்யுத்தத்தில் வேறொன்றை நான் பார்த்ததில்லை. எதிரியைக் காப்பாற்றுவதற்காக வெடிக்குள் போவது என்பது ஒரு கதை. அதைச் சொல்லத் தெரிந்ததால்தான் ஓனிதா, வெறும் ரத்தத்தை விற்ற மற்றவர்களிடமிருந்து வேறுபட்டார்.

பெல்ட்டுக்கு வருகிறேன். இந்த ஆண்டுகளில் அது ஓனிதாவின் இடுப்புக்கும் பகைவர்களின் இடுப்புக்கும் இடையே போய்வந்துகொண்டிருந்தது. பகைவர்களில் முதன்மையானவர் மிஸ்டர் போகோ. முகத்தில் சாயம், கையில் கதிர் அரிவாள், வாயில் நெருப்பு. போகோ பெல்ட்டைப் பறிப்பார், ஓனிதா மீட்பார். இந்தச் சுழற்சி சலிப்பூட்டியது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். 1994-இல் மூத்த வீரர் கெனிச்சிரோ டென்ரியூவிடம் தோற்றபின், ஓராண்டில் ஓய்வு பெறுவதாக ஓனிதா அறிவித்தார். கடைசி எதிரியாக நிற்கவேண்டிய கோட்டோ, நாள் நெருங்கியபோது நிறுவனத்தைவிட்டே வெளியேறிவிட்டார். அந்த இடத்துக்கு வந்தவர் ஹயாபுசா.

1995 மே 5, கவாசாக்கி. இளம் ஹயாபுசாவை வென்று, பிராஸ் நக்கிள்ஸ் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஓனிதா விடைபெற்றார். மல்யுத்த மரபில், போகிறவர் தோற்றுவிட்டு, வளர்கிறவர் கையில் பெல்ட்டைக் கொடுத்துவிட்டுப் போவதுதான் முறை. ஓனிதா அதைச் செய்யவில்லை. பெல்ட் சாம்பியன் இல்லாமல் அநாதையாக நின்றது. இதை நான் அவர்மேல் குறையாகவே வைக்கிறேன். முன்பு மேடை அறிவிப்பாளராக இருந்த ஷோய்ச்சி அராய் தலைவரானார். ஓனிதா இல்லாத எஃப்.எம்.டபிள்யூ. பிழைக்குமா என்று எல்லாரும் கேட்டார்கள்.

பிழைத்தது மட்டுமல்ல, மல்யுத்தம் என்ற அளவில் பார்த்தால் அதற்குப் பிறகுதான் பெல்ட்டின் சிறந்த காலம் வந்தது. 1996-இல் தி கிளாடியேட்டர் பிராஸ் நக்கிள்ஸ் பட்டத்தையும் ‘சுயேச்சை உலகப் பட்டம்’ என்ற இன்னொன்றையும் ஒன்றாக்கி இரட்டைச் சாம்பியனானார். பின்னாளில் மைக் ஆசம் என்று அமெரிக்காவில் அறியப்பட்டவர் இவர்தான். அவ்வளவு பெரிய உடலோடு மேல் கயிற்றைத் தாண்டி வெளியே பாய்வார். 1997 செப்டம்பர் 28 அன்று கவாசாக்கியில் அவரை வீழ்த்தியவர் மசாட்டோ டனாக்கா. குள்ளமான, கட்டுமஸ்தான, எத்தனை அடி விழுந்தாலும் எழுந்து நிற்கும் மனிதர். வெடிமருந்து தேவைப்படாமலே இவர்கள் இருவரும் ஹார்ட்கோர் என்றால் என்னவென்று காட்டினார்கள். இதே இருவரின் பகை பிறகு அமெரிக்காவின் ஈ.சி.டபிள்யூ. என்ற மல்யுத்த நிறுவனத்தில் தொடர்ந்தது.

1998 தொடக்கத்தில் டனாக்காவிடமிருந்து பட்டம் மிஸ்டர் கன்னோசுகேயிடம் போனது. ஏப்ரல் 30 அன்று யோகோஹாமாவில் கன்னோசுகேயை வென்று ஹயாபுசா அதைப் பெற்றார். இருவரும் ஒரே பல்கலைக்கழகத்தில் ஒன்றாக மல்யுத்தம் பழகிய நண்பர்கள். நண்பர்கள் பகைவர்களாக நடிக்கும்போது எங்கே நடிப்பு முடிகிறது என்று பார்ப்பவருக்குத் தெரியாமல் போகும். அந்த ஆட்டம் அப்படிப்பட்டது. மூன்றாண்டுக்கு முன் ஓனிதா கொடுக்காமல் போன பெல்ட் கடைசியில் ஹயாபுசாவுக்குக் கிடைத்ததில் எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி.

அந்த மகிழ்ச்சி நீளவில்லை. அதே ஆண்டு நவம்பரில் கோடோ ஃபுயுகியிடம் பட்டம் போனது. ஃபுயுகி ஆட்டக்காரர் மட்டுமல்ல, கதை வகுப்பவரும்கூட. முள்கம்பியை ஒதுக்கி, அமெரிக்கப் பாணியில் நாடகத்தன்மையுள்ள கேளிக்கையாக நிறுவனத்தை மாற்ற விரும்பினார். இடையில் மேடைக்குத் திரும்பியிருந்த ஓனிதாவும் அந்தக் காலத்தில்தான் வெளியேறினார். 1999-இல் பழைய பட்டங்கள் கைவிடப்பட்டு, டபிள்யூ.ஈ.டபிள்யூ. என்ற பெயரில் புதிய பட்டங்கள் வந்தன. அவற்றில் ஒன்றுக்குத்தான் நேரடியாக ‘ஹார்ட்கோர் பட்டம்’ என்று பெயர். உங்கள் கேள்வியில் இருப்பது அதுவென்றால், அமெரிக்கச் சாயல் உண்டு என்று அந்த ஒன்றைப் பற்றி மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முன்பு முழு நிறுவனத்தின் முதுகெலும்பாக இருந்தது, இப்போது ஒரு கிளைப் பட்டமாகச் சுருங்கிவிட்டிருந்தது.

2001 அக்டோபர் 22, தோக்கியோவின் கோராகுவென் ஹால் அரங்கம். மாமத் சசாக்கிக்கு எதிரான ஆட்டத்தில் ஹயாபுசா கயிற்றில் ஏறிப் பின்பாய்ச்சல் எடுத்தபோது கால் வழுக்கியது. தலைகுப்புற விழுந்தார். கழுத்தெலும்பு முறிந்து, உடல் செயலிழந்தது. வெடிகளுக்கு நடுவே பத்தாண்டு வாழ்ந்த நிறுவனத்தின் மிகப் பெரிய விபத்து, வெடியில்லாத, முள்ளில்லாத, சாதாரணக் கயிற்றில் நடந்தது. நான்கு மாதங்களில், 2002 பிப்ரவரியில், எஃப்.எம்.டபிள்யூ. கடனில் மூழ்கி மூடப்பட்டது. அதே ஆண்டு மே மாதத்தில் அராய் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஹயாபுசா பாடகரானார், பல ஆண்டுப் பயிற்சிக்குப் பிறகு மெல்ல நடக்கவும் தொடங்கினார், 2016 மார்ச் 3 அன்று, 47 வயதில், மூளை ரத்தக்கசிவால் இறந்தார்.

ஃபுயுகி 2003 மார்ச்சில் புற்றுநோயால் இறந்தார். முள்கம்பியை ஒதுக்க விரும்பிய அதே மனிதர், தன் கடைசி நிகழ்ச்சிக்கு கவாசாக்கியையும் மின்வெடிப்பு முள்கம்பியையுமே தேர்ந்தெடுத்திருந்தார். அந்த மே 5 அன்று ஷின்யா ஹாஷிமோட்டோவும் கின்டாரோ கனேமுராவும் மோதினார்கள். ஹாஷிமோட்டோ, ஃபுயுகியின் அஸ்தியைக் கையில் ஏந்திக்கொண்டு முள்கம்பியில் போய் மோதினார். வெடித்தது. டபிள்யூ.ஈ.டபிள்யூ. பட்டங்கள் அதன்பிறகு கனேமுராவின் அப்பாச்சி நிறுவனத்தில் சில காலம் வாழ்ந்தன.

டெத் மேட்சின் மையம் அதற்கு முன்பே இடம் மாறிவிட்டிருந்தது. 1995-இல் தொடங்கிய பிக் ஜப்பான் நிறுவனம், 1998-இல் ‘டெத் மேட்ச் ஹெவிவெயிட்’ என்ற தன் பட்டத்தை உருவாக்கியது. முதல் சாம்பியன் மிட்சுஹிரோ மட்சுனாகா. கோராகுவென் ஹாலின் மாடியிலிருந்து பாய்ந்து பெயரெடுத்தவர், பின்னாளில் ஸ்டேக் உணவகம் நடத்தியவர். வெடிக்குப் பதிலாக அங்கே குழல்விளக்குகள். இன்று ஜப்பானில் ஹார்ட்கோர் பட்டம் என்றால் ரசிகர்கள் முதலில் நினைப்பது அதைத்தான். அது தனியாக ஒரு பதிலுக்குரிய விஷயம்.

2021-இல் அமெரிக்காவின் ஏ.ஈ.டபிள்யூ. நிறுவனத்தில் கென்னி ஒமேகாவும் ஜான் மாக்ஸ்லியும் மின்வெடிப்பு முள்கம்பி ஆட்டம் ஆடினார்கள். இறுதியில் எடி கிங்ஸ்டன் ஓடிவந்து மாக்ஸ்லியின்மேல் கவிழ்ந்து படுத்தார். 1993-இல் ஓனிதா செய்தது அப்படியே. ஆனால் பெரிய வெடிப்பு வரவேண்டிய இடத்தில் சில மத்தாப்புப் பொறிகள் மட்டும் வந்தன. இணையம் முழுவதும் கேலி செய்தது. எனக்குக் கேலி செய்யத் தோன்றவில்லை. இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த ஒரு கவிழ்ப்பு நினைவில் இருந்ததே என்றுதான் தோன்றியது.

எதிலிருந்து பார்க்கத் தொடங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். பிராஸ் நக்கிள்ஸ் பட்டத்துக்காக நடக்காத ஓர் ஆட்டத்தையே முதலில் சொல்வேன்: 1996 மே 5, கவாசாக்கி, மெகுமி குடோவும் காம்பாட் டொயோடாவும். பெண்கள் இருவர் ஆடிய முதல் மின்வெடிப்பு முள்கம்பி ஆட்டம். டொயோடாவின் ஓய்வு ஆட்டமும் அதுதான். ஒரே பள்ளியில் பயிற்சி பெற்று, ஒன்றாக எஃப்.எம்.டபிள்யூ.வுக்கு வந்தவர்கள் இவர்கள். அதற்குப் பிறகு 1993-இன் ஃபங்க் ஆட்டம், பிறகு 1997-இன் டனாக்கா, கிளாடியேட்டர். குடோ, டொயோடா ஆட்டத்தைப் பார்க்கும்போது முதல் வெடிப்போடு நிறுத்திவிடாதீர்கள். மணி அடித்து முடிந்தபிறகு அந்த இரு பெண்களும் ஒருவரையொருவர் பார்க்கும் இடம்வரை பாருங்கள்.